தெரு யார் வீட்டு ஷெட்?

சென்னையில் குடியிருப்புத் தெருக்களில் கார் நிறுத்த பர்மிட் முறை கிடையாது என்று யார் சொன்னது? தாராளமாக இருக்கிறது. எந்தத் தெருவுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். இரண்டு செங்கல், மேலே ஒரு பலகை. கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. சிமென்ட் நிரப்பி நடுவில் கம்பி நட்ட பெயின்ட் டப்பா. வாடிப்போன குரோட்டன்ஸ் தொட்டி. கேட்டில் தொங்கும் போர்டு: ‘நோ பார்க்கிங். மீறினால் காற்று இறக்கப்படும்.’

இவைதான் நம் ஊர் பர்மிட்டுகள். இவற்றை வழங்குவது மாநகராட்சி இல்லை. பர்மிட் கொடுப்பவர், வாங்குபவர், சோதனை செய்பவர், மீறியவருக்குத் தண்டனை தருபவர் எல்லாம் ஒரே ஆள். அந்த வீட்டுக்காரர். கட்டணம் கிடையாது. காலக்கெடு கிடையாது. விண்ணப்பதாரருக்கு வேண்டிய தகுதி ஒன்றுதான். காலை ஏழு மணிக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சத்தமாகச் சண்டை போடத் தெரிந்திருக்க வேண்டும்.

அனுமதி இல்லாமல் வைத்த ‘நோ பார்க்கிங்’ போர்டு, தொட்டி, மணல் மூட்டையை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்று 2024-ல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் எச்சரித்தது. நல்ல காரியம். ஆனால் தெருவில் ஒரு நடை போய் வந்தால், தொட்டிகளுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை என்பது புரியும்.

போலீஸைச் சொல்லிக் குற்றமில்லை. தொட்டியை எடுத்துவிட்டால் அந்த இடம் யாருக்கு? இந்தக் கேள்விக்கு அரசிடம் பதில் இல்லாதவரை தொட்டி திரும்ப வரத்தான் செய்யும். ஒரு தொட்டியை எடுக்க இன்னொரு சட்டம் போதாது. தொட்டி செய்கிற வேலையை நியாயமாகச் செய்ய ஒரு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் குடியிருப்பு பார்க்கிங் பர்மிட். தெருவில் எத்தனை கார் நிற்கலாம் என்று மாநகராட்சி எண்ண வேண்டும். அத்தனை பேருக்கு மட்டும் பர்மிட் கொடுக்க வேண்டும். அதற்குக் காசு வாங்க வேண்டும். வாங்கிய காசை அதே தெருவில் செலவழிக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சொன்ன உடனே எத்தனை பேருக்குக் கோபம் வரும் என்றும் தெரியும். அந்தக் கோபங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

* * *

முதல் கோபம்: “லைஃப் டாக்ஸ் கட்டித்தானே வண்டி எடுத்தேன்? இன்னும் எதுக்குக் காசு?”

லைஃப் டாக்ஸ் வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கு. உங்கள் வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். ஆபீஸ் போய் வர இரண்டு மணி நேரம் ஓடினால் மீதி 22 மணி நேரம் எங்கோ நிற்கிறது. தவிர, அந்த வரி போவது மாநில அரசின் கஜானாவுக்கு. உங்கள் தெருவைப் பெருக்கி, விளக்கு போட்டு, மழைநீர் வடிகால் வெட்டுவது மாநகராட்சி. லைஃப் டாக்ஸை ஸ்கூட்டர் வைத்திருப்பவரும்தான் கட்டுகிறார். அவர் தெருவில் ஒரு அறையைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லையே!

அறை என்று சும்மா சொல்லவில்லை. ஒரு கார் நிறுத்த இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். கிட்டத்தட்ட 135 சதுர அடி. ஒரு ஆள் படுத்து எழுந்து குடித்தனம் செய்யக்கூடிய அறை. உங்கள் பேட்டையில் மனை விலை சதுர அடி பத்தாயிரம் ரூபாய் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். பதின்மூன்றரை லட்சம் ரூபாய் பெறுமான நிலம். ஊருக்குச் சொந்தமான அந்த நிலத்தை, கார் வாங்கிய ஒரே காரணத்துக்காக ஒருவர் இலவசமாக ஆண்டு அனுபவிக்கிறார். இலவச அரிசிக்கும் இலவச பஸ்ஸுக்கும் முகம் சுளிப்பவர்கள் பலர் இந்த இலவசத்தைக் கண்டுகொள்வதே இல்லை. அதன் மேல் கவர் போட்டு மூடியும் வைத்திருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். பொது இடத்தில் ஒரு வண்டியை ஆளில்லாமல் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ விட்டு வைத்தால், சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி அதை இழுத்துக்கொண்டு போகச் சொல்லலாம். பத்து மணி நேரம்! ராத்திரி ஒன்பது மணிக்கு நிறுத்தி, காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறவர்கூட இதில் மாட்டுவார். ஞாயிறு விட்டு ஞாயிறு கோயிலுக்கு மட்டும் எடுக்கப்படும் கார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சட்டத்தை அப்படியே அமல்படுத்தினால் பாதிச் சென்னையைக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். அதற்கு வண்டியும் இல்லை, இழுத்து வைக்க இடமும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், பர்மிட் என்பது கார்காரர்களுக்கு எதிரானது இல்லை. இன்று அவர்களுக்கு இல்லாத ஒரு உரிமையை, காசு வாங்கிக்கொண்டு முறையாகத் தருவது.

* * *

பர்மிட் என்றதும் “ஜனங்க மேல இன்னொரு சுமையா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தெருவில் இடம் பிடிக்க நம் நாட்டில் ஏற்கெனவே பர்மிட் உண்டு. அது ஏழைகளுக்கு மட்டும்.

2014-ல் நாடாளுமன்றம் சாலையோர வியாபாரிகளுக்காக ஒரு சட்டம் கொண்டு வந்தது. நல்ல நோக்கம் கொண்ட சட்டம்தான். தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்பவர், பிளாட்பாரத்தில் பூ கட்டுபவர், இவர்களையெல்லாம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது கணக்கெடுக்க வேண்டும். சான்றிதழ், அடையாள அட்டை தர வேண்டும். எந்த இடத்தில் விற்கலாம், எங்கே கூடாது என்று பிரிக்க வேண்டும். கட்டணம் வாங்கலாம். ஒரு ஊரில் இத்தனை பேருக்குத்தான் இடம் என்று உச்சவரம்புகூட உண்டு. மக்கள் தொகையில் இரண்டரை சதவிகிதம்.

எட்டணா லாபத்துக்கு வெயிலில் நிற்கும் மனிதருக்கு இவ்வளவு கணக்கு. அவருடைய வண்டி எடுத்துக்கொள்ளும் இடம் ஒரு காரின் இடத்தில் பாதிகூட இருக்காது. அந்த இடத்தை வைத்து அவர் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார், தெருவுக்குக் காய்கறி கொடுக்கிறார், சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுக்கிறார். பக்கத்தில் நிற்கும் கார் தெருவுக்கு என்ன கொடுக்கிறது? நிழல்கூடக் கொடுப்பதில்லை. ஆனால் ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்று லாரி வந்தால் முதலில் ஏற்றப்படுவது எது? இஸ்திரி வண்டி. காருக்குச் சேதம் வராமல் பார்த்து ஏற்றுவார்கள்.

1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்பார்கள். பிழைப்புரிமையும் வாழும் உரிமையில் அடக்கம் என்று சொன்னது அதே தீர்ப்புதான். கூடவே, நடைபாதை என்பது நடப்பவர்களுக்காக உள்ள பொதுச் சொத்து, சொந்த உபயோகத்துக்கு அதை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை கிடையாது என்றும் சொன்னது. வீடு இல்லாத மனிதன் படுக்க உரிமை இல்லாத இடத்தில், வீடு இருக்கும் மனிதனின் கார் மட்டும் நாற்பது வருடமாகக் கேள்வி கேட்பாரின்றிப் படுத்துக் கிடக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டது. நடைபாதையில் நடப்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது.

வாழ்வுரிமையெல்லாம் பெரிய வார்த்தை என்று தோன்றினால் டேப் எடுத்து அளந்து பாருங்கள். இருபது அடித் தெரு என்றால் ஆறு மீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் கார் நின்றால் ஒரு காருக்குச் சுமார் ஒன்றே முக்கால் மீட்டர் வீதம் மூன்றரை மீட்டர் காலி. மிச்சம் இரண்டரை மீட்டர் சொச்சம். தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறக்குறைய இரண்டரை மீட்டர். இதில் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி, குப்பைத் தொட்டி, திறந்து கிடக்கும் வடிகால் மூடி எதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றாவது மாடியில் சிலிண்டர் வெடித்தால் வண்டி தெருமுனையில் நிற்கும். ஹாரன் அடிக்கும். “அந்த வெள்ளைக் கார் யாருதுங்க?” என்று தெருவே கத்தும். சாவி வைத்திருப்பவர் மாமியார் வீட்டுக்குப் போயிருப்பார்.

* * *

இரண்டாவது கோபம்: “எங்க அபார்ட்மென்ட்டுல பில்டர் பார்க்கிங் கொடுக்கல. நாங்க என்ன பண்றது?”

இதில் நியாயம் இருக்கிறது. எட்டு ஃப்ளாட் கட்டி நாலு பேருக்கு இடம் விட்டுவிட்டுப் போன புண்ணியவான்கள் உண்டு. ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனியாக விலை பேசி விற்றவர்களும் உண்டு. அப்படி விற்க பில்டருக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு பம்பாய் வழக்கில் சொன்னது. ஆனால் இன்னொரு ரகமும் உண்டு. கார் நிறுத்தக் கட்டிய இடத்தில் சுவர் எழுப்பி, ஷட்டர் போட்டு, கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, தன் காரைத் தெருவில் நிறுத்துகிறவர்கள். வாடகை அவருக்கு, இடம் ஊருடையது! பர்மிட் முறை வந்தால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: “உங்கள் கட்டட வரைபடத்தில் பார்க்கிங் இருக்கிறதா? இருந்த இடத்தை என்ன செய்தீர்கள்?” ஷட்டர் போட்டவருக்குத் தெருவில் பர்மிட் கிடையாது. அவ்வளவுதான்.

லண்டனில் சில உள்ளாட்சிகள் இதைவிட ஒரு படி மேலே போகின்றன. கார் இல்லாத கட்டடம் என்ற நிபந்தனையோடுதான் சில புதிய அடுக்குமாடிகளுக்கு அனுமதி. அங்கே வீடு வாங்குபவருக்குத் தெரு பர்மிட் கிடைக்காது என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிவிடுவார்கள். வீட்டை வாங்கும்போதே தெரிந்து வாங்குகிறார். நம் ஊரில் பில்டர் பாடு பில்டரோடு. பாரத்தைத் தூக்குவது தெரு.

லண்டனைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அந்த ஊர்ப் பர்மிட்டையும் பார்த்துவிடலாம். 1958-ல் மேஃபேர் பகுதியில் பார்க்கிங் மீட்டர் வைத்து ஆரம்பித்தார்கள். பிறகு குடியிருப்பவர்களுக்கு பர்மிட் வந்தது. இன்ன பேட்டையில் வசிக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி, வண்டியின் பதிவு ஆவணம் இரண்டையும் காட்டி, வருடக் கட்டணம் கட்டினால் அந்தப் பேட்டைக்குள் நிறுத்திக்கொள்ளலாம். பல இடங்களில் இரண்டாவது காருக்கு அதிகக் கட்டணம். புகை அதிகம் கக்கும் வண்டிக்கு அதிகக் கட்டணம். இப்போது பல இடங்களில் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர்கூட இல்லை. கையில் கருவியோடு வரும் ஊழியர் நம்பர் பிளேட்டைப் பார்த்தே பர்மிட் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்கிறார்.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல மாட்டேன். பர்மிட் இருந்தாலும் இடம் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை என அங்குள்ள உள்ளாட்சிகளே சிறிய எழுத்தில் போட்டுவிடும். இருக்கும் இடத்தைவிட அதிகமாக பர்மிட் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். சினிமாத் தியேட்டரில் 500 சீட்டுக்கு 700 டிக்கெட் கிழித்துவிட்டு, “சீட் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம்” என்று சொல்வதைப் போன்ற கதை. நாம் காப்பியடிக்கக் கூடாத விஷயம் இது.

* * *

மூன்றாவது கோபம்தான் எனக்கு மிகவும் பிடித்த கோபம்: “எல்லாம் வசூல் சார். பர்மிட்னு ஒண்ணு வந்தா கான்ட்ராக்ட்காரன், கவுன்சிலர், வட்டச் செயலாளர் எல்லாருக்கும் ஒரு பங்கு.”

சந்தேகம் நியாயமானது. கடைவீதிகளில் டோக்கன் கிழித்தவர்களின் பாஷையை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். ஆனால் இதற்கு மருந்து பர்மிட்டே வேண்டாம் என்பதில் இல்லை. காசு எங்கே போகிறது என்பதைப் பூட்டி வைப்பதில் இருக்கிறது.

லண்டனின் பார்னெட் உள்ளாட்சி 2011-ல் ஒரு வேலை செய்தது. குடியிருப்பவர் பர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக ஏற்றியது. விருந்தாளி வந்தால் வண்டி நிறுத்தத் தரும் சீட்டை ஒரு பவுண்டிலிருந்து நாலு பவுண்டாக்கியது. ஊர்க்காரர் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பார்க்கிங் சட்டம் என்பது வரி வசூலிக்கும் சட்டம் இல்லை, உள்ளாட்சியின் மற்ற செலவுகளுக்குப் பணம் திரட்ட இந்தக் கட்டணத்தை உயர்த்தியது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊரில் பர்மிட் வருகிற அன்றே இப்படி ஒரு வரி விதியில் இருக்க வேண்டும். இந்தப் பணத்தில் மேயர் அறைக்கு ஏ.சி. வாங்கக் கூடாது. சம்பளப் பாக்கி கொடுக்கக் கூடாது.

பிறகு எதற்குச் செலவழிப்பது? அமெரிக்காவில் டொனால்டு ஷூப் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 2025 பிப்ரவரியில் காலமானார். வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி செய்தது கார் நிறுத்தும் இடத்தைப் பற்றித்தான். இலவச பார்க்கிங்குக்கு ஊர் கொடுக்கும் விலை என்ன என்பதை விளக்கி 2005-ல் தலையணை சைஸில் ஒரு புத்தகமே எழுதினார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது: பார்க்கிங் காசை வாங்கிய தெருவுக்கே திருப்பிக் கொடு, அப்போதுதான் ஜனங்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர் காட்டிய உதாரணம் கலிஃபோர்னியாவில் உள்ள பழைய பாசடீனா. 1993-ல் அங்கே மீட்டர் வைத்தபோது கடைக்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள். வசூல் முழுக்க உங்கள் நடைபாதைக்கும் தெருவிளக்குக்கும்தான் என்று நகராட்சி வாக்குக் கொடுத்தது. வாக்கைக் காப்பாற்றியது. பாழடைந்து கிடந்த கடைவீதி பிழைத்துக்கொண்டது.

நம் தெருவுக்கும் இதுவே போதும். பத்து பர்மிட், ஆளுக்கு மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 60,000 ரூபாய். கோட்டை கட்ட முடியாது. ஆனால் உடைந்த நடைபாதைக் கல்லை மாற்றலாம். எரியாத விளக்கை எரிய வைக்கலாம். வரவும் செலவும் தெருமுனையில் போர்டாக எழுதி வைக்கப்பட வேண்டும். “மீறினால் காற்று இறக்கப்படும்” போர்டைவிட அது உபயோகமான போர்டு.

* * *

இனி அதிகாரிகளுக்கு. பார்க்கிங்கை நவீனமாக்குகிறோம் என்று ஆரம்பித்தால் நம் அதிகாரிகளுக்கு உடனே தோன்றுவது ஒரு ஆப். ‘ஸ்மார்ட்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். துவக்க விழா, ரிப்பன், பலூன். மூன்றாம் மாதம் ஓ.டி.பி. வராது. ஆறாம் மாதம் ஆப் திறக்காது. எழுபது வயதுப் பெரியவர் பேரன் வரும்வரை பர்மிட்டைப் புதுப்பிக்க முடியாமல் காத்திருப்பார். கருவி என்பது கடைசி வேலை. முதல் வேலை எண்ணுவது.

ஜப்பானைப் பாருங்கள். 1962-லேயே சட்டம் போட்டார்கள். கார் வாங்க வேண்டுமானால் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் ஸ்டேஷனில் சான்றிதழ் வாங்க வேண்டும். இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ராத்திரி தெருவில் எட்டு மணி நேரம் தொடர்ந்து வண்டியை விடக்கூடாது. அந்தச் சான்றிதழோடு கார் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் கொடுத்துவந்தார்கள். 2025 ஏப்ரலில் அந்த ஸ்டிக்கரை ஒழித்துவிட்டார்கள். ஸ்டிக்கர் போனது, சான்றிதழ் இருக்கிறது. நவீனப்படுத்துவது என்றால் இதுதான். காகிதத்தைக் குறைக்கலாம். கேள்வியைக் குறைக்கக் கூடாது. நாமோ கேள்வியே கேட்காமல் நேராக ஸ்டிக்கருக்குப் போகப் பார்க்கிறோம்.

பக்கத்தில் பெங்களூரைப் பாருங்கள். 2021-ல் பார்க்கிங் கொள்கை வந்தது. குடியிருப்புத் தெருவில் கார் நிறுத்த பர்மிட், சின்ன காருக்கு வருடம் ஆயிரம் ரூபாய், பெரிய எஸ்.யு.வி.க்கு ஐயாயிரம் ரூபாய் என்றெல்லாம் எழுதினார்கள். வருடத்துக்கு ஐயாயிரம் என்பது நாளைக்குப் பதினான்கு ரூபாய். ஒரு டீ. அதற்கே ஊர் கொதித்தது. கொள்கை வருடக்கணக்கில் காகிதத்திலேயே தூங்கியது. சென்னைக்கும் பஞ்சமில்லை. கும்டா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் போக்குவரத்துக் குழுமம் ஒரு பார்க்கிங் கொள்கையை வகுத்திருக்கிறது. மத்திய அரசு 2006-லேயே தன் நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையில், பார்க்கிங் கட்டணம் அது பிடித்துக்கொள்ளும் நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்று எழுதி வைத்தது. கொள்கை எழுதுவதில் நாம் எப்போதும் கில்லாடிகள். தெருவில் சுண்ணாம்புக் கோடு போடத்தான் ஆள் இல்லை.

சட்டம் இல்லையே என்ற சாக்கும் செல்லாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவு, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு வண்டி நிறுத்தும் இடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுக்கிறது.

எப்படிச் செய்வது? ஒரு வார்டில் ஒரு தெரு எடுங்கள். நூறு மீட்டர் நீளம். ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங். கேட்டுகள், தெருமுனை, டிரான்ஸ்ஃபார்மர், மரம், இஸ்திரி வண்டி, குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் கழியுங்கள். மீதியில் ஒன்பது கார் நிற்கும் என்றால் ஒன்பது கட்டம் வரையுங்கள். பத்தாவது கட்டம் கிடையாது. வார்டு கமிட்டி, ஏரியா சபை என்றெல்லாம் 2022-ல் விதிகள் வந்தன அல்லவா? அந்த ஏரியா சபையில் வைத்து ஊர் முன்னால் இந்தக் கணக்கைச் சரிபாருங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பர்மிட்டுக்கு மேல் கிடையாது. ஒன்பது இடத்துக்குப் பதினைந்து பேர் கேட்டால் குலுக்கல். வருடா வருடம் புதுக் குலுக்கல். விண்ணப்பத்தை போனிலும் வாங்கலாம், வார்டு ஆபீஸ் கவுன்ட்டரிலும் வாங்கலாம்.

குலுக்கலுக்கு முன்னால் தனியாக எடுத்து வைக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கு. இன்னொன்று, கார்தான் பிழைப்பு என்று இருப்பவர்களுக்கு. ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்துகொண்டு கடனில் கால் டாக்ஸி ஓட்டுகிறவரும், லோடு ஆட்டோ வைத்திருப்பவரும் வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள்? வீட்டுக்கு மூன்று கார் வைத்திருப்பவரையும் இவரையும் ஒரே தட்டில் நிறுத்தினால் அந்த பர்மிட்டும் ஒரு அநியாயமாகத்தான் முடியும். அவர்களுக்குக் கட்டணம் பெயருக்கு இருந்தால் போதும். இன்றைய தொட்டி ராஜ்யத்தில் மிகவும் அடிபடுவது அவர்கள்தான். நடுராத்திரி சவாரி முடித்து வந்து தெருத் தெருவாக இடம் தேடி, காலையில் “யோவ், வண்டியை எடுய்யா!” என்ற அர்ச்சனை கேட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சமாதானம் சொல்வார்கள்: “முதல்ல ஒழுங்கா பஸ் விடச் சொல்லுங்க. அப்புறம் காரைப் பத்திப் பேசலாம்.” பஸ் வேண்டும், சந்தேகமே இல்லை. மினி பஸ் உள்தெருக்களுக்கும் வர வேண்டும். எந்த வழியாக வரும்? இரண்டு பக்கமும் கார் நிற்கும் சந்தில் மினி பஸ் என்ன, மீன்பாடி வண்டியே திணறுகிறது. பஸ் நிறுத்தம் வரை அம்மாக்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நடந்து போக நடைபாதை வேண்டும். அதன்மேல் ஏறி நிற்பதும் கார்தான். பஸ் வந்த பிறகு இடம் விடுகிறேன் என்பவர், இடம் விடாததால்தான் பஸ் வரவில்லை என்பதை மறந்துவிடுகிறார்.

2021-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இதே பிரச்னை வந்தபோது நீதிபதிகள் கேட்டார்கள்: நிறுத்த இடம் இல்லாதவர்களை, வாங்க வசதி இருக்கிறது என்பதற்காக மட்டும் நாலைந்து கார் வாங்க எப்படி விடலாம்? இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியது கோர்ட் இல்லை. மாநகராட்சியும் நாமும்.

ஒரு கார் வாங்கும்போது எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்கிறார்கள் பாருங்கள். சம்பளம் எவ்வளவு, வேறு கடன் உண்டா என்று பேங்க் கேட்கிறது. என்ன கலர், சன்ரூஃப் வேண்டுமா என்று ஷோரூம் கேட்கிறது. ஃபேன்சி நம்பர் வேண்டுமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்கிறார்கள். எந்த எண்ணெயில் ஓடும், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எலுமிச்சம்பழம் எத்தனை என்று கோயில் வாசலில் கேட்கிறார்கள். “ராத்திரி எங்கே நிறுத்துவீங்க?” என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியை, விண்ணப்பப் படிவத்தில் முதல் கேள்வியாக அச்சடித்து, மாநகராட்சி கேட்கட்டும்.